பிற்காலத்தில் மறுபயன்பாடு

விளக்கப் பலகைக்கு அறுபது சொற்கள்.
அதைத் தாண்டினால் யாரும் நின்று வாசிக்க மாட்டார்களாம்.
மான் தீவின் இந்தச் சின்ன அருங்காட்சியகத்தில்
பதினோரு வருடமாகக் கற்களுக்கு நான்தான் எழுதுகிறேன்.

‘கற்சிலுவை. பத்தாம் நூற்றாண்டு.
பின்னல் வேலைப்பாடு. இடப்புறம் மானைத் துரத்தும் நாய்.
விளிம்பில் ரூன் எழுத்துகள்:
ஹ்ரபன் இச்சிலுவையை நிறுத்தினான், தன்…
இதற்கு மேல் உடைந்துள்ளது.
பிற்காலத்தில் ஓடைப் பாலமாக மறுபயன்பாடு.’

சொற்கள் மிச்சமிருந்தன.
எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

செவ்வாய்க்கிழமை. புயல். படகுகள் ரத்து.
காட்சிக்கூடத்தில் நானும் ஹீட்டரும்.
அப்போதுதான் வந்தார் வோரி ஸ்கிலிகார்ன்,
இழவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டில்
தண்ணீர் சொட்ட.
உங்கள் நிலத்துக் கல், டிக்கெட் வேண்டாம் என்றேன்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டே உள்ளே நடந்தார்.

பலகையை மூக்கு உரச வாசித்தார்.
‘பிற்காலம்னு போட்டிருக்கே,
அது நான்தான்.’

நாற்பத்து நான்கு வருடம்.
பால் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே அந்த ஓடை,
அதன் மேல் குப்புற இந்தக் கல்.
விடியுமுன் ஒரு தரம், இருட்டும்போது ஒரு தரம்,
வாளியோடு, கன்றோடு,
கணக்குப் பார்க்க வந்த வங்கிக்காரனோடு.
ஒரு தரம், நாலு பேர் இல்லியமைத் தூக்கிக்கொண்டு போக
பின்னால் இவர்.
தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த ஃபின்லோ
இயந்திரத்தால் புரட்டிப் போட்டபோதுதான்
அடியில் ஒரு நாய் ஓடிக்கொண்டிருந்தது தெரியும்.

‘இது எனக்குத் தெரியாத பக்கம்’ என்றார்.
‘என் பக்கம் எங்கே?’

அவர் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது.
இடைவெளி ஒரு சாண்.
கைபேசி வெளிச்சத்தை நான் உள்ளே நீட்ட
கன்னத்தைச் சுவரில் அழுத்தி எட்டிப் பார்த்தார்.
பால் வண்டிச் சக்கரம் இழைத்த இரண்டு தடம்.
நடுவில் ஒரு குழி,
கிண்ணம்போல, வழவழவென்று.
அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் அதற்குப் பெயர் தேய்மானம்.

பிறகு முன்னால் வந்து
உடைந்த மூலையில் விரல் வைத்தார்.
தொடக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும் நான்.
‘இதுவும் நான்தான்.
உறைபனிக் காலை, வண்டி வழுக்கி மோதிச்சு.
ரொட்டி அளவு ஒரு துண்டு.
கேட்டுக்கிட்ட பள்ளத்தில போட்டு மிதிச்சுட்டேன்.’
அதற்கு மேல் ஜல்லி. அதற்கு மேல் தார்.
ஹ்ரபனின் மனைவியோ, தம்பியோ, மகளோ
அங்கே இருக்கிறார்.
வெள்ளிதோறும் மீன் வண்டி ஏறி இறங்குகிறது.

‘போடறதுக்கு முன்னாடி
திருப்பிப் பார்த்திருக்கலாம்’ என்றார்.
அழவில்லை.
மாட்டுக்கு மருந்து கொடுக்க மறந்ததைச் சொல்வதுபோல.

உடைந்த நாளிலிருந்து அது ஆட ஆரம்பித்ததாம்.
வலது ஓரத்தில் கால் வைத்தால்
டொக் என்று ஒரு சத்தம்.
படுக்கையில் இருந்தபடியே இல்லியம் கேட்பார்,
வருகிறாள் என்று தெரிந்துகொள்வார்.
உள்ளங்கையால் சிலுவையை ஒரு தள்ளு தள்ளினார்.
இன்னொரு தள்ளு.
‘ஆடலையே.’

போகும்போது வாசலருகே கொஞ்சம் தயங்கி
காலை அகட்டி எடுத்துவைத்து
வெறும் தரையைத் தாண்டிப் போனார்.

அன்று மாலை பலகையின் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
‘வோரி ஸ்கிலிகார்ன் நாற்பத்து நான்கு ஆண்டுகள்
இதன் மறுபுறத்தில் நடந்தார்.
வலது ஓரத்தில் மிதித்தால் ஆடும்.’

நிர்வாகி முதல் வாக்கியத்தை விட்டுவைத்தார்.
அடுத்தது தவறான தகவலாம்.
நியாயம்தான்.
நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம்.